மாமியார் வழியில் மகளை ‘டி.ஏ.ஆர்.’ சங்கத்தில் சேர்க்கலாமா? காகிதமும் சிக்கல், மனசும் சிக்கல்

மதுரைக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் கணவர் பென்சில்வேனியாக்காரர். லங்காஸ்டர் கவுண்டியில் ஏழெட்டுத் தலைமுறையாக இருக்கும் குடும்பம். மாமியாருக்கு 74 வயது. தேங்க்ஸ்கிவிங்குக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் பரணிலிருந்து சட்டம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்துவந்து பாத்திரங்களுக்கு நடுவே வைத்தார். அவருடைய அம்மா 1930களில் டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவராம். சுருக்கமாக டி.ஏ.ஆர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ்காரனுக்கு எதிராக நின்ற ஒருவரின் நேரடி இரத்த வாரிசு என்று காகிதத்தோடு நிரூபிக்கும் பெண்கள்தான் இதில் சேர முடியும். அன்று வரை எனக்கு இதெல்லாம் தெரியாது.

மாமியார் மட்டும் சேரவே இல்லை. அம்மா கூப்பிட்ட காலத்தில் போகவில்லை, அப்புறம் கூப்பிட அம்மா இல்லை என்றார். 2026 ஜூலை 4 அன்று நாட்டுக்கு 250 வயது, அதற்குள் தானும் பேத்தியும் ஒன்றாகச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மகளுக்கு 18 முடிந்துவிட்டது, வயது தடையில்லை.

முதல் சிக்கல் நான்தான். எங்கள் கல்யாணம் மதுரையில் நடந்து அங்கேயே பதிவானது. அந்தச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் எனக்குக் குடும்பப் பெயராக வந்து உட்கார்ந்துவிட்டது. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் கன்னிப்பெயர் என்ற கட்டத்தில் அதே அப்பா பெயர், ஆனால் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு அடித்திருக்கிறார்கள். ஆக மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். இதை வைத்துக்கொண்டு 1776க்கு எப்படிப் போவது?

அடுத்தது, சங்கத்தின் இணையத் தேடலில் அந்தக் காலத்து முன்னோரின் பெயரைப் போட்டுப் பார்த்தோம். பெயர் வருகிறது. ஆனால் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில், இனி விண்ணப்பிப்பவர்கள் வம்சத் தொடர்பைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. அப்படியானால் சட்டம் போட்ட அந்தச் சான்றிதழ் செல்லாதா? மாமியார் முகம் அப்படியே வாடிவிட்டது.

கடைசியாக, எனக்கு முக்கியமானது. மகள் தனியாக என்னிடம் வந்து, “பாட்டிக்காகன்னா செய்யறேன்மா, ஆனா பாதி மதுரையா இருந்துக்கிட்டு நான் அங்க போய் என்ன பண்றது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் தாத்தா 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் உள்ளே போனவர், வேலூர் சிறை. 1972இல் கொடுத்த தாமிரப் பட்டயத்தைப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தாரே தவிர ஒருநாளும் சுவரில் மாட்டியதில்லை. அவருடைய பேத்தி நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. மகளை மட்டும் எந்த வாயால் சேரச் சொல்வது? சேர்ந்தவர்கள், பார்த்தவர்கள், பிடிக்காதவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

பழைய தாள் எழுதியது:

என் மனைவி வழியில் மகனை இதன் ஆண்கள் சங்கத்தில், அதாவது சன்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷனில், சேர்த்தேன். ஒன்றரை வருஷம் பிடித்தது. அதனால் காகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், சேரலாமா வேண்டாமா என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.

முதலில் உங்கள் பெயர்க் குழப்பத்தை ஓரமாக வையுங்கள். வம்சக்கோடு உங்கள் வழியாகப் போகவில்லை, மகளிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து பாட்டி என்று போகிறது. உங்கள் பெயர் வரும் இடம் மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் கல்யாணச் சான்றிதழும்தான். மூன்றிலும் இருப்பது ஒரே ஆள் என்று தெரிந்தால் போதும். பாஸ்போர்ட் நகல், முதலெழுத்து என்றால் என்ன என்று விளக்கி ஒரு கடிதம், சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு கிளையிலும் ரெஜிஸ்ட்ரார் என்று ஒருவர் இருப்பார், விண்ணப்பத்தைத் தயார் செய்ய உதவுவதுதான் அவர் வேலை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலிலேயே அவரிடம் போய்விடுங்கள். நாமாகப் பூர்த்தி செய்து திருப்பி வாங்கிக்கொள்வதைவிட அது மேல்.

சிவப்பு எழுத்துக்குப் பயப்படாதீர்கள். முன்னோர் பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. 1930களில் வீட்டில் பெரியவர்கள் சொல்லிவந்த கதை, குடும்பத்தார் எழுதிய வம்சாவளி, இதையெல்லாம் ஓரளவு ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் இவர் இவருடைய பிள்ளை என்று சொல்லும் ஒரு காகிதம் வேண்டும். அந்தப் பழைய விண்ணப்பத்தின் நகலைச் சங்கத்திடமே பணம் கட்டி வாங்கலாம். வாங்கிப் பாருங்கள், எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பொதுவாக எங்கே அறும் தெரியுமா? பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்புப் பதிவு 1906இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் போனால் சென்சஸ்தான் கதி. 1850க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850இல் வீட்டில் இருக்கும் எல்லாரும் பெயரோடு வருகிறார்கள் (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தவிர), ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்று இல்லை. உறவு எழுத ஆரம்பித்தது 1880இல். அடுத்து 1890 சென்சஸில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் போய்விட்டது. இந்த இடைவெளிகளில் விழுந்து காணாமல் போவது எப்போதும் பெண்கள்தான். கல்யாணம் ஆனதும் அப்பா வீட்டுக் குடும்பப் பெயர் போய்விடும், அப்புறம் அவர் ‘இன்னாரின் மனைவி மேரி’. எந்த மேரி? அந்த ஊரில் நாற்பது மேரி.

இன்னொன்று, முன்னோர் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1775 ஏப்ரல் 19 லெக்ஸிங்டன் சண்டையிலிருந்து 1783 நவம்பர் 26 வரைக்குமான காலத்தில் படைக்கு மாடோ தானியமோ கொடுத்தவர், ஊர்ப் பதவியில் இருந்தவர், ராஜாவை விட்டுப் புது மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். பென்சில்வேனியாவில் 1777இல் அந்தப் பிரமாணத்தைச் சட்டமாகவே போட்டார்கள். அதனால் ஒரு முன்னோர் சரிப்படாவிட்டால் இன்னொருவர் கிடைப்பார். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது போர்வீரர் இல்லை, படைக்கு மாவு கொடுத்த ஒரு மில்காரர். மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எதிர்க்கேள்வி எழுதியது:

மதுரைக்காரி, திட்டுபவர்களையும் கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன்.

போர் முடிகிற நேரத்தில், 1783 மே மாதம், ஜார்ஜ் வாஷிங்டனின் படை அதிகாரிகள் சொசைட்டி ஆஃப் தி சின்சினாட்டி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதிகாரிகளுக்கு மட்டும், அவர்களுக்குப் பின் மூத்த ஆண் வாரிசுக்கு. இந்த வகைச் சங்கங்களுக்கெல்லாம் பாட்டன் அதுதான். ராஜாவைத் துரத்திவிட்டு நாமே குட்டி ஜமீன் பரம்பரை உண்டாக்குகிறோமா என்று அப்போதே கூச்சல் கிளம்பியது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1784 ஜனவரியில் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கிண்டலடித்திருக்கிறார். சீனாவில் ஒருவன் நல்லது செய்து பட்டம் வாங்கினால் பெருமை அவனைப் பெற்றவர்களுக்கு மேல்நோக்கிப் போகிறது, வளர்த்தவர்கள் அவர்கள் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது, கீழ்நோக்கிப் பிள்ளை பேரனுக்குப் போகும் பெருமைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்கிறார். கணக்கும் போட்டுக் காட்டுகிறார்: மகனிடம் பாதி, பேரனிடம் கால், இப்படியே ஒன்பது தலைமுறை போனால் 512இல் ஒரு பங்குதான் மிஞ்சும். பதக்கத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போவதைவிட வயதான அப்பா அம்மாவுக்கு மாட்டிவிடுங்கள் என்றும் சொல்கிறார். நம் ஊரில் பிள்ளை நன்றாக வந்தால் ‘இவனைப் பெற என்ன தவம் செய்தார்களோ’ என்பார்களே, அதே வழக்கு. (ஃப்ராங்க்ளினின் சொந்த மகன் ராஜா பக்கம் நின்ற நியூ ஜெர்சி ஆளுநர் என்பது தனிக் கூத்து.)

உங்கள் மகளுக்கு எட்டுத் தலைமுறை என்று வைத்தால் 256இல் ஒரு பங்கு. உங்கள் தாத்தா அவளுக்குக் கொள்ளுத்தாத்தா, எட்டில் ஒரு பங்கு. கணக்குப்படி பார்த்தாலும் வேலூர் சிறைதான் பக்கம்.

1939ஐயும் மகளிடம் சொல்லுங்கள். மேரியன் ஆண்டர்சன் என்ற பெரிய பாடகி, கறுப்பினத்தவர் என்பதற்காக வாஷிங்டனில் இதே டி.ஏ.ஆரின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட இடம் மறுக்கப்பட்டவர். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதனாலேயே சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்துப் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடியதை 75,000 பேர் கேட்டார்கள். சேர்கிறவள் இதைத் தெரிந்துகொண்டு சேரட்டும்.

நூலகத்து அக்கா எழுதியது:

எதிர்க்கேள்வி தம்பி சொன்னது எல்லாம் உண்மை. அதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மை.

மேரியன் ஆண்டர்சன் 1943இல் அதே ஹாலில் பாடினார். 1977இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேரன் பாட்சலர் என்ற கறுப்பினப் பெண் தன் வம்சத்தை நிரூபித்து உறுப்பினரானார், அப்படி அறியப்பட்டவர்களில் அவர்தான் முதல்வர். அதன்பிறகும் எல்லாம் சுலபமாகிவிடவில்லை, ஆனால் அப்புறம் சங்கமே உட்கார்ந்து சுதந்திரப் போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் பெயர்களைத் தேடித் தொகுத்தது. 2008இல் வந்த தொகுப்பில் 6,600க்கு மேல் பெயர்கள். ஆறாயிரம் குடும்பங்களின் வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. இது பிராயச்சித்தமா, நல்ல ஆய்வா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

இன்னொன்று. டி.ஏ.ஆர். பிறந்ததே வாசலில் நிறுத்தப்பட்டதால்தான். ஆண்கள் சங்கம் 1889இல் தொடங்கி, அடுத்த வருஷமே பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. பெண்கள் செய்த தியாகம் எங்கே என்று மேரி லாக்வுட் என்பவர் பத்திரிகையில் எழுதிக் கேட்க, 1890 அக்டோபரில் பெண்களே தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு 1,80,000க்கு மேல் உறுப்பினர்கள், ஆண்கள் சங்கத்தைவிடப் பல மடங்கு.

நான் வேலை பார்த்த பொது நூலகத்தில் ஒரு கிளை மாதாமாதம் கூடும், நான் உறுப்பினர் இல்லை, அறைச்சாவி என் கையில் இருந்ததால் எட்டிப் பார்ப்பேன். நீங்கள் பயப்படுகிற மாதிரி முத்துமாலையும் மூக்கை உயர்த்திய பேச்சும் கொஞ்சம் உண்டு, நெஞ்சில் ரிப்பனில் கோத்த பின்கள் இடுப்பு வரை தொங்கும். ஆனால் கூட்டத்தில் பேச்செல்லாம் எந்தக் கல்லறையில் எந்தக் கல் சாய்ந்துவிட்டது, கட்டுரைப் போட்டிக்கு எத்தனை பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், குடியுரிமை விழாவுக்கு யார் கொடி எடுத்துப் போகிறீர்கள் என்பதுதான். குடியேறுபவர்களுக்கென்று 1921லிருந்து கையேடு போட்டுக் கொடுத்துவரும் சங்கம் அது. உங்கள் மகள் போனால் அறையின் சராசரி வயது கொஞ்சம் இறங்கும், கேக் தட்டு முதலில் அவளிடம்தான் வரும். ‘நீ எந்த வழி?’ என்று கேட்பார்கள், அவர்கள் எல்லாரிடமும் அதைத்தான் கேட்பார்கள், வேறு பேச்சே தெரியாது.

மதுரைக்காரி எழுதியது:

அக்கா, குடியுரிமை விழா என்றதும் தூக்கிவாரிப்போட்டது. நான் உறுதிமொழி எடுத்த அன்று வாசலில் ஒரு வயதான அம்மா சின்னக் கொடி ஒன்றைக் கையில் கொடுத்து வாழ்த்துச் சொன்னார். நெஞ்சில் இதே மாதிரி ரிப்பன், வரிசையாகப் பின்கள். யாரோ அரசாங்க ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொடி இன்னும் சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டியில் செருகியிருக்கிறது. மகளிடம் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

பழைய தாள் சார், பழைய விண்ணப்பத்தின் நகல் வந்துவிட்டது. டைப் அடித்த தாள்கள், கொள்ளுப்பாட்டியின் கையெழுத்து அழகாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே ஒரு பெண்ணிடம்தான் அறுந்திருக்கிறது. மகளிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் எட்டாவது தலைமுறை, சுமார் 1790இல் பிறந்தவர். கணவர் பெயர் இருக்கிறது, 1818இல் பிறந்த மகன் பெயர் இருக்கிறது, இவருக்கு முதல் பெயர் மட்டும். இவர் அந்த வீரரின் மகள் என்பதற்கு ஆதாரம் என்ற இடத்தில் ‘குடும்பத்தார் கூற்று’ என்று ஒரே வரி. கணவரும் இளவயதிலேயே இறந்துவிட்டாராம். வீரரின் போர்ச்சேவைக்கு மாநில ஆவணத் தொகுதியில் அச்சான ஒரு பெயர்ப்பட்டியலைக் காட்டியிருக்கிறார்கள், அது சரியாக இருக்கிறது.

மாமியார் தினமும் இரண்டு தடவை போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

பழைய தாள் எழுதியது:

குடும்பத்தார் கூற்று! எதிர்பார்த்தேன்.

மூன்று இடத்தில் தேடுங்கள். ஒன்று, லங்காஸ்டர் கவுண்டியில் அப்பாவின் உயில், ‘இன்னாரின் விதவையான என் மகளுக்கு’ என்று ஒரு வரி கிடைத்தால் வேலை முடிந்தது. இரண்டு, கிரயப் பத்திரங்கள், அப்பா இறந்தபின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து விற்றிருந்தால் மகள்கள் பெயரும் மருமகன்கள் பெயரும் வரிசையாக வந்துவிடும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பென்ஷன் கோப்பு.

1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து சுதந்திரப் போர் ஆவணங்கள் ஏராளமாக எரிந்துபோயின. அதனால் பின்னால் பென்ஷன் கேட்டு வந்த கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனி (படைப்பிரிவு), எந்தக் கேப்டன், எங்கே குளிரில் கிடந்தோம் என்று. கூட இருந்தவன் ஒருவன் உயிரோடு இருந்தால் அவனையும் சாட்சிக்குக் கூட்டிவருவார்கள். உங்கள் தாத்தா காலத்துத் தியாகி பென்ஷனுக்கும் சிறைப் பதிவு கிடைக்காதவர்கள் சக கைதியின் சான்று வாங்கி வைத்தார்கள் அல்லவா, அதே சங்கடம்தான்.

1818 சட்டத்தில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதுவும் கண்டினென்டல் படையில், அதாவது வாஷிங்டனின் நிரந்தரப் படையில், ஒன்பது மாதமாவது இருந்து, இப்போது வறுமையில் இருப்பவருக்கு மட்டும். கூட்டம் மொய்த்துவிட்டது. வசதியுள்ளவனும் வாங்குகிறான் என்று புகார் கிளம்ப, 1820இல் எல்லாரும் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று போட்டார்கள். அந்தப் பட்டியலோடு வீட்டில் இருக்கும் ஆட்களையும் வயதையும் எழுதியவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஒரு எச்சரிக்கை: ஜெர்மன் குடும்பம் என்றால் பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். ஷ்னைடர் என்று கப்பலில் வந்தவன் ஒரு தாளில் ஸ்னைடர், இன்னொரு தாளில் டெய்லர். எழுத்தர் காதில் என்ன விழுந்ததோ அதுதான் பெயர். இதில் நமக்குப் பழக்கம் அதிகம், நீங்கள் சுலபமாகக் கண்டுபிடிப்பீர்கள்.

கெடிலக்கரை எழுதியது:

வம்சம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பாதி மதுரை என்று அந்தப் பெண் ஒதுங்குவதைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் போர் அமெரிக்காவோடு நிற்கவில்லை, பிரான்சும் சேர்ந்ததும் நம் கடற்கரைக்கே வந்துவிட்டது. 1783 ஜூனில் எங்கள் கடலூரில் பிரெஞ்சுப் படையும் மைசூர் ஆட்களும் கோட்டைக்குள், ஆங்கிலேயர் வெளியே, கடலில் இரண்டு கப்பற்படையும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்துப் போட்டாயிற்று, செய்தி கப்பலில் வந்துசேரும் வரை இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை என்றே இதைச் சொல்வார்கள். யார்க்டவுனில் 1781இல் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ் என்ன ஆனார்? 1786இல் நமக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, திப்புவை மடக்கி, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு எழுதி வாங்கினார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்.

அதைவிட முக்கியம், பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க 1782இல் ஒரு போர்க்கப்பல் விட்டது. அதன் பெயர் ஹைதர் அலி. நிஜமாகவே நம் ஹைதர் அலிதான், ஆங்கிலேயரை அடிக்கிறார் என்ற புகழ் அவ்வளவு தூரம் போயிருந்தது. ஜாஷுவா பார்னி என்ற 22 வயதுப் பையன் கேப்டன், தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்றை டெலவேர் விரிகுடாவில் பிடித்துக்கொண்டு வந்தான். பாட்டி ஊர்க் கப்பலுக்கு நம் பக்கத்துப் பெயர். மகளிடம் சொல்லுங்கள்.

கடலூர்க்காரன் என்ற முறையில் எனக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் கிடைக்குமா?

எதிர்க்கேள்வி எழுதியது:

கெடிலக்கரை, நீங்கள் ஆண், அந்தச் சங்கத்தில் இடம் கிடையாது. 1890இல் நாம் செய்ததற்குத் தண்டனை.

ஹைதர் அலி கப்பல் எனக்குத் தெரியாத விஷயம். ஒப்புக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது. 256இல் ஒரு பங்கு கணக்கை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

மதுரைக்காரி எழுதியது:

கிடைத்துவிட்டது! கையெல்லாம் இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உயில் இல்லை. இரண்டு வாரம் பத்திரங்களில் முட்டி ஒன்றும் வரவில்லை. நேற்று ராத்திரி மகள்தான், பழைய தாள் சார் சொன்ன மாதிரி எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்தாவது தடவையில் பென்ஷன் கோப்பைப் பிடித்தாள். அச்சுப் பட்டியலில் இருக்கும் பெயருக்கும் இதற்கும் முதல் எழுத்தே வேறு. 1930களில் கொள்ளுப்பாட்டி இதைப் பார்க்காமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதே கம்பெனி, அதே கேப்டன், அதே கவுண்டி.

1820ஆம் ஆண்டுத் தாள். தொழில், நெசவு. கண் மங்கிவிட்டதால் தறியில் உட்கார முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் சொத்துப் பட்டியல், உடுத்தும் துணியும் படுக்கையும் போக: ஒரு பசு, ஒரு பன்றி, இரும்புப் பானை இரண்டு, அதில் ஒன்று விரிசல், கோடாலி ஒன்று, நாற்காலி நான்கு, தறி ஒன்று பழையது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டாலரும் சென்ட்டும். விரிசல் விட்ட பானைக்கு 25 சென்ட். மகள் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். அதற்குக் கீழே வீட்டில் இருப்பவர்கள்: மனைவி, 58 வயது, மூட்டுவலி. மகள், அந்த முதல் பெயரேதான், கணவரின் குடும்பப் பெயரோடு, விதவை, 30 வயது. அவளுடைய மகன், இரண்டு வயது. அந்த இரண்டு வயதுப் பையன்தான் எங்கள் ஏழாவது தலைமுறை!

இன்னும் ஒன்று. உறுதிமொழியை மொழிபெயர்ப்பாளர் வழியாக எடுத்ததாக எழுத்தர் குறித்திருக்கிறார், கையெழுத்து ஜெர்மன் எழுத்தில் இருக்கிறது. மாமியாருக்கு போனில் அனுப்பினேன். அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அந்தக் குடும்பத்தில் இப்போது யாருக்குமே தெரியாது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “ஆங்கிலம் தெரியாதவரா?” என்று கேட்டார். மகள்தான் பக்கத்திலிருந்து, “தெரியாது பாட்டி, ஆனா சண்டைக்குப் போயிருக்கார்” என்றாள்.

சேரப்போகிறாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை. மதுரையில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் எழுதியிருக்கிறாள், தாத்தாவின் தாமிரப் பட்டயத்தை எடுத்து முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கூடவே சிறைச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவச் சொல்லி. அவன் இன்னும் பரணில் ஏறவில்லை.

பழைய தாள் சார், 1820 தாளில் மகளின் கணவர் குடும்பப் பெயர்தான் இருக்கிறது, கணவரின் முதல் பெயர் இல்லை. இது போதுமா, இல்லை அவர்களுடைய கல்யாணத்துக்கு சர்ச் பதிவையும் தேட வேண்டுமா? ஜெர்மன் சர்ச் பதிவுகளும் அதே எழுத்தில்தான் இருக்குமாமே, யாருக்காவது படிக்கத் தெரியுமா?